ஆடிய தூண் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று வெளுத்து வாங்கியதே, அன்று ஆலங்குளம் பக்கம் நாங்கள் போட்ட காய்கறி மண்டி ஷெட் ஆடிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆடியது உண்மை. ஆனால் அதன் கீழே ஒருவர் ‘பழைய இரும்பு’ என்று எழுதியிருக்கிறார். இருபத்திரண்டு வருடமாகப் பேட்டையில் பட்டறை நடத்துகிறவனை அந்த இரண்டு சொல் தூங்கவிடவில்லை.

எல்லாமே கட்டுமான இரும்புக்கான ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரத்துப் புது இரும்பு. பில் பட்டறையில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். தூணில் வளைவில்லை, வெல்டிங்கில் கீறலில்லை, ஒரு போல்ட் அறவில்லை. அசைந்தது தூணின் பாதம். அறாமல் தாங்குவது வலு. அசையாமல் நிற்பது விறைப்பு. முன்னது இருந்தும் பின்னது இல்லாமல் போகலாம்.

தூணின் காலடியில் இருக்கும் அடித்தகட்டுக்கும் அதன் கீழிருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 25 முதல் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் மட்டம் பார்ப்போம். பிறகு அந்த இடைவெளியைச் சுருங்காத கிரவுட், அதாவது இளக்கமான சிமென்ட் கலவை, ஊற்றி நிரப்ப வேண்டும். அங்கே ஓரத்தில் மட்டும் சிமென்ட் பூசி மூடிவிட்டார்கள். நானே சுத்தியலால் தட்டினேன், காலிக் குடம் போலச் சத்தம் வந்தது. தூண் பொய்க்கால் கட்டிக்கொண்டு போல்ட்டின் மேல் நிற்கிறது. காற்றடித்தால் ஆடாமல் என்ன செய்யும்? கிரவுட் கட்டிட மேஸ்திரியின் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதியிருக்கிறோம். இருந்தாலும் எங்கள் பழைய ஃபோர்மேன் இருந்திருந்தால், ஊற்றி முடிக்கும்வரை இடத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார். சித்திரையில் துபாய்க்குப் போய்விட்டார்.

தகட்டின் கனத்தைக் குறைத்துக் கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கனம் பாதியானால் தகட்டின் விறைப்பு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். போல்ட்டுகளைத் தூணின் விளிம்புக்கு உள்ளேயே அடக்கினாலும் பாதம் கீல்போலத்தான் வேலை செய்யும். வெளியே தள்ளிவைத்தால்தான் பிடிப்பு.

இனி கிரவுட்டையும் நாங்களே ஊற்றுகிறோம். அதனால் கிலோவுக்கு நான்கு ரூபாய் கூடும், பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடத்துக்குள் போட்ட ஷெட்டுகளை ஆடி மாதம் முடிவதற்குள் இலவசமாக வந்து பார்ப்போம். மண்டி ஷெட் போட்ட வாரம் 20 மில்லிமீட்டர் அடித்தகடு கிடைக்காமல் 16 மில்லிமீட்டர் தகடு போட்டிருந்தோம், அதையும் சேர்த்துச் சரிசெய்கிறோம்.

வீடியோ வந்த அன்றே அம்பாசமுத்திரம் அரிசி ஆலை அண்ணாச்சி, “அது கிடக்கட்டும், அடுத்த ஷெட்டுக்கு அளவெடுக்க எப்போது வருகிறாய்?” என்று கேட்டார். அவருக்கும் அவரைப் போன்ற எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

நாங்கள் வரும் நாளில் தூணடியில் மூட்டை அடுக்காமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
பேட்டை, திருநெல்வேலி