‘தற்காலிகம்’ என்று ஒதுக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் கர்ப்பப்பைக் கட்டி பற்றிய கட்டுரையைப் படித்தேன். கர்ப்பப்பையை எடுக்கும் அறுவைக்கு முக்கால் பக்கம். ஹார்மோன் சிகிச்சைக்கு ஒரே வரி: அது தற்காலிகத் தீர்வுதானாம். அந்த வரியோடுதான் எனக்கு வழக்கு.

எனக்கு வயது 48, பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. அடர்நீலச் சேலையைத் தவிர வேறு கட்டத் துணியமாட்டேன். ஆசிரியர் அறை நாற்காலியில் பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகே எழுந்திருப்பேன். ஹீமோகுளோபின் 7.2. ஸ்கேனில் 4.5 சென்டிமீட்டர் கட்டி. முதலில் போன மருத்துவமனையில், “இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு? எடுத்துவிடலாம்” என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

வேறொரு மருத்துவர்தான் கேட்டார்: “உங்களுக்குத் தொல்லை கட்டியா, உதிரப்போக்கா?” அதுவரை இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். இந்தக் கட்டி பெரும்பாலும் புற்று அல்ல. பெண் ஹார்மோன்களின் தயவில் வளர்வது. மாதவிலக்கு நின்றபின் தானே சுருங்கத் தொடங்கும். 45 வயதில் எனக்குத் தேவைப்பட்டது அதுவரை நாளைத் தள்ள ஒரு வழி. தற்காலிகம்தான் எனக்கு மருந்து!

கர்ப்பப்பையின் உட்சவ்வைச் சோதனைக்கு அனுப்பி, புற்று இல்லை என்று உறுதி செய்த பிறகு, 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கொண்ட சாதனத்தை உள்ளே பொருத்தினார். பார்வைக்குக் காப்பர் டி போலிருக்கும். ஆனால் காப்பர் டி உதிரப்போக்கைக் கூட்டக்கூடும், இது குறைக்கும். முதல் நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுப் பொறுமையைச் சோதித்தது. “இதற்கு எடுத்தே போட்டிருக்கலாம்” என்றார் மாமியார். கட்டி கர்ப்பப்பைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் இந்தச் சாதனம் நழுவி வெளியே வந்துவிடலாம் என்பதால் எல்லாருக்கும் பொருந்தாது.

நாரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையும் உண்டு. கோயில் திருவிழா, கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட நாமே கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அதேதான். அப்போது வராத ஹார்மோன் பயம், மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் வந்துவிடுகிறது. ஆனால் இரத்தம் உறையும் நோய், மார்பகப் புற்று உள்ளவர்கள் விஷயத்தில் அந்தப் பயம் நியாயம்.

என் நாத்தனாருக்குப் பெரிய கட்டி. அறுவைக்கு முன் மூன்று மாதம், பெண் ஹார்மோன் சுரப்பை அடக்கும் லியூப்ரோலைடு ஊசி, மாதம் ஒன்று. உதிரப்போக்கு நின்று, உடம்பில் இரத்தம் ஊறி, கட்டியும் சுருங்கியது. மார்கழியிலும் மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டிருந்தார் பாவம். நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும். நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். எலும்புத் தேய்மானத்தைச் சமாளிக்கத்தான், அதேபோல் ஹார்மோனை அடக்கும் ரெலுகோலிக்ஸ் மருந்துடன் சிறிதளவு ஹார்மோனையும் சேர்த்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதி தந்தார்கள். அதற்கும் 24 மாதம்தான் வரம்பு. இதே கட்டிக்குத் தரும் யூலிபிரிஸ்டால் என்ற இன்னொரு மாத்திரையோ கல்லீரலைக் கெடுக்கலாம் என்பதால் ஐரோப்பாவில் 2020-இல் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு கடும் கட்டுப்பாட்டோடுதான் திரும்பியது. இதையெல்லாம் மறைக்கச் சொல்லவில்லை.

தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கட்டுரையில் அதற்கும் இடமில்லை. அடுத்த இதழில் இந்த மருந்துகளை, செலவு விவரத்தோடு, ஒரு மகப்பேறு மருத்துவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.

போன மாதம் மீண்டும் ஸ்கேன் எடுத்தேன். கட்டி அதே 4.5 சென்டிமீட்டர். ஹீமோகுளோபின் 11.8. தீபாவளிக்குச் சந்தன நிறத்தில் சேலை எடுத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்