சிவல்ரி 2 களத்தில் வில்லெடுக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வில்லாளத் தோழர்களே,

வணக்கம். இடைக்காலப் போர்க்களத்தைக் காட்டும் இணையவழிக் கணினி விளையாட்டான சிவல்ரி 2இல், வில்லாளர் வகுப்பைத் தேர்ந்தெடுத்து நாம் களத்தில் இறங்கிய மறுகணமே எதிரணியின் வசையும், சில வேளைகளில் அதைவிடச் சூடான சொந்த அணியின் வசையும் காதில் விழத் தொடங்கிவிடுகின்றன. அந்த வசையில் பாதி நியாயமானது என்று சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நானும் வில்லெடுப்பவன்தான், ஆகவே இதை வெளியாளின் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 64 பேர் அகதா, மேசன் என இரு தரப்பாகப் பிரிந்து மோதும் ஓர் ஆட்டத்தில், நம் பக்கத்து 32 பேரில் பத்துப் பேர் தொலைவிலுள்ள மேட்டில் ஏறி நின்றுகொண்டால், கீழே மிஞ்சும் 22 பேர் எதிரணி முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து வில்லும் சேர்ந்து கீழே இல்லாத பத்து வாள்களுக்கு ஈடாக வேலை செய்யாவிட்டால், கோட்டை போவதற்குக் காரணம் நாம்தான். ஆட்டத்தின் முடிவில் நம் பெயருக்கு நேரே நிற்கும் கில் (வீழ்த்திய எதிரிகள்) எண்ணிக்கை இந்தக் கடனைத் தீர்ப்பதில்லை.

எனவே முதல் கேள்வி எங்கே நிற்பது என்பது. கனத்த கவசம் பூண்ட நைட் வகுப்புக்கு 175 உயிர்ப்புள்ளிகள் இருக்க நமக்கு 90 மட்டுமே இருப்பதால், விலகி நிற்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அம்பு தோட்டா அன்று. அது வளைந்து இறங்குகிறது, போய்ச் சேர நேரமும் எடுக்கிறது. மிகத் தொலைவிலிருந்து எய்யும்போது, அம்பு போய்ச் சேர்வதற்குள் எதிரி இரண்டு எட்டு நகர்ந்துவிடுவான். பட்டால் அதிர்ஷ்டம் என்றாகிவிடும். முன்வரிசைக்கு இருபது, முப்பது எட்டுப் பின்னால், அதுவும் நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் நிற்பதே நான் பலமுறை செத்துக் கற்றுக்கொண்ட இடம். நேர் பின்னால் நின்றால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நம்மவர் முதுகுதான். பக்கவாட்டில் நின்றால், முன்னோக்கிக் கேடயம் பிடித்திருக்கும் எதிரியின் விலா நமக்குத் திறந்து கிடக்கிறது.

அடுத்தது யாரை எய்வது. இங்கேதான் நம்மில் பெரும்பாலோர் தவறுகிறோம். கண்ணில் முதலில் படுபவனையே குறிவைக்கிறோம். அவன் பெரும்பாலும் நம் தோழர் ஒருவருடன் வாள் கோத்து நிற்பவனாக இருக்கிறான். அந்த இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுழல்வதால், எய்த அம்பு யார் முதுகில் தைக்கும் என்பது எய்தவருக்கே தெரியாது. நம் அம்பு நம்மவரின் உயிரையும் குறைக்கும். சரியான நேரத்தில் வாளைத் தடுத்து, எதிர்வீச்சுக்குக் கை ஓங்கியவரின் முதுகில் சொந்த அணியின் அம்பு தைப்பதைவிட எரிச்சலூட்டும் சாவு இந்த ஆட்டத்தில் இல்லை. ஒருவருக்கொருவர் மோதும் சண்டையை விட்டுவிடுங்கள். ஒருவரை மூவர் சூழ்ந்திருக்கிறார்களா? அங்கே அம்பு தேவைப்படுகிறது, அதுவும் அந்த மூவரில் வெளிப்புறம் நிற்பவனுக்கு.

இதைவிட விளைச்சலுள்ள இலக்குகள் முன்வரிசைக்கு அப்பால் இருக்கின்றன. அடிபட்டுப் பின்வாங்கிக் காயத்துக்குக் கட்டுப்போட நிற்பவன், பலிஸ்டா என்னும் பெரிய அம்பெறி பொறியின் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவன், ஏணியில் ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருப்பவன், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரணி வில்லாளன். எதிரணி வில்லாளனைத் தேடிப்போக வாள்காரர்களுக்கு நேரமில்லை. அவனை அடக்குவது நம் கடமை. முழு உடல்நலத்துடன் வரும் நைட்டின் மார்பில் எய்த அம்பு அவனை வீழ்த்துவது அரிது. அதே அம்பு, கட்டுப்போட ஓடும் ஒருவனின் முதுகில் தைத்தால், நம் தோழர் பாதி முடித்து வைத்த வேலை முழுமை பெறுகிறது. பட்டியலில் அது டேக்டவுனாக, அதாவது வீழ்த்தியதில் பங்காக, அந்தத் தோழருக்கும் சேரும், பொறாமை வேண்டாம்.

நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டு இலக்குக்காகக் காத்திருக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 2010இல் வந்த மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட் ஆடியவர்களுக்கு இது விளங்கும்: அதில் நாணை இழுத்தவுடன் குறிவட்டம் சுருங்கும், பிடித்துக்கொண்டே இருந்தால் மீண்டும் விரிந்துவிடும். நிஜ வில்லும் காத்திருக்க விடாது: 1545இல் மூழ்கி 1982இல் மேலெடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த ஆங்கிலேய நெடுவில்கள் பலவற்றின் இழுவிசை நூறு பவுண்டுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வில்லை இழுத்துவிட்டு யோசித்துக்கொண்டு நிற்க எந்தத் தோளாலும் முடியாது. இலக்கை முதலில் முடிவு செய்து, பிறகு இழுத்து, உடனே விடுவதுதான் களத்துக்கு ஏற்ற வரிசை. குறுக்கே ஓடுபவனுக்கு அவன் போகப்போகும் இடத்தில் எய்யுங்கள். ஓங்கிய ஆயுதத்தை வீசிக்கொண்டிருப்பவன் அந்தக் கணத்தில் திசை மாற்றமாட்டான் என்பதால் அவனே எளிய இலக்கு.

இடுப்பில் தொங்கும் குறுவாளைப் பற்றியும் ஒரு சொல். 1415இல் பிரான்சின் அஜின்கோர்ட்டில் நடந்த போரில் கூர்முளைகளுக்குப் பின்னால் நின்று எய்த ஆங்கிலேய வில்லாளர்கள், பிரெஞ்சு வீரர்கள் சேற்றில் தடுமாறியபோது வில்லைப் போட்டுவிட்டு வாளும் கோடரியும் சம்மட்டியுமாகக் களத்தில் இறங்கினார்கள். நாமோ எதிரி பத்தடியில் வந்த பிறகும் ஓர் அம்பு கூடுதலாக எய்துவிடலாம் என்று நாணை இழுத்துக்கொண்டே சாகிறோம். ஒருவன் நம்மை நோக்கி ஓடி வருகிறான் என்று தெரிந்ததுமே ஆயுதத்தை மாற்றி, நம் வாள்காரர்கள் இருக்கும் பக்கமாகப் பின்வாங்குங்கள். தனி மேட்டை விட்டு இறங்கி நிற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: மேட்டில் பின்வாங்க ஆளில்லை. கைகலப்பில் ஆசை உள்ளவர்கள் எறியீட்டியோடு வரும் ஸ்கர்மிஷர் என்ற வில்லாளர் உட்பிரிவை எடுக்கலாம். குறுக்குவில் பிடிப்பவர்கள், அம்பு பூட்டும் நெடுநேரத்துக்கு மறைவிடம் பார்த்துக்கொண்ட பிறகே விசையை அழுத்தவேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ரட்ஹெல்ம் முற்றுகை என்ற ஆட்டக்களத்தில் நம் அணியின் முற்றுகைக் கோபுரம் ஆளில்லாமல் நிற்பதைக் கண்டால், அம்பறாத்தூணியில் எத்தனை அம்பு மிச்சம் இருந்தாலும் சரி, வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்து தள்ளுங்கள். நான் இடப்பக்கச் சக்கரத்தருகே நிற்பேன்.

தோழமையுடன்,
உங்களில் ஒரு நெடுவில்லாளன்