எந்தப் பக்கம் குழி வெட்டணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல தலித் கிறிஸ்தவங்களப் பிரிக்கிற சுவரப் பத்தி பேப்பர்ல வந்தா உச்சு கொட்டிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுறோம். எங்க ஊர்ல சுவரெல்லாம் இல்ல சார், ஆனா போன மாசம் ஒரு அடக்கத்துக்குப் போனப்ப குழி வெட்டுறவரு கேட்ட மொத கேள்வியே "எந்தப் பக்கம்?"னுதான், ஃபாதர் நின்னாரு, பங்குப் பேரவை (எங்க கோயில் நிர்வாகக் குழு) ஆளுங்க நின்னாங்க, நானும்தான் நின்னேன், செருப்பப் பாத்துக்கிட்டு.

ஒவ்வொரு ஞாயிறும் பூசையில "கடமையில் தவறியதாலும்" பாவம் செஞ்சேன்னு சொல்லி நெஞ்சுல அடிச்சிக்கிறோமே, அது இதுதானே? நல்ல சமாரியர் உவமையில வர்ற குருவும் லேவியரும் யாரையும் அடிக்கல, அடிபட்டுக் கிடந்தவனப் பாத்தும் ஒதுங்கிப் போனாங்க, அவ்ளோதான். 1950 ஜனாதிபதி ஆணையால தலித் கிறிஸ்தவங்களுக்கு எஸ்சி சலுகை கிடைக்கலன்னு அரசாங்கத்த எதிர்த்து கொடி புடிக்கிறோம், நியாயம்தான், நானும் போயிருக்கேன், ஆனா நம்ம கல்லறையில கேக்க வாய் வரமாட்டேங்குது (சொந்தக்காரங்க கோவிச்சுக்குவாங்களாம்).

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள்ள எல்லாருக்கும் ஒரே வரிசைன்னு எங்க பங்குல முடிவெடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன், இதுவரைக்கும் கையெழுத்து என்னோடது ஒண்ணுதான்.

இப்படிக்கு,
ஒரு பங்கு உறுப்பினர்