அம்மாவுக்காக நீங்கள் பேசிக்கொண்டதற்கு நன்றி

எங்கள் குடும்ப மருத்துவருக்கும், மருத்துவமனையின் அறுவை சிகிச்சை, இதயநோய், மயக்கவியல் மருத்துவர்களுக்கும், மருந்தாளருக்கும், வார்டு செவிலியர்களுக்கும்,

வணக்கம். அம்மா வீடு திரும்பி ஆறு வாரம் ஆகிறது. தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது. துணையில்லாமல் நடமாடுகிறார்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் நேரிலேயே நன்றி சொன்னோம். அதில் ஒன்று விட்டுப்போனது. அம்மாவைப் பற்றி நீங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டீர்களே, அதற்கான நன்றி.

அம்மாவின் இதயத்தில் மைட்ரல் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் மெக்கானிக்கல் வால்வு இருக்கிறது. அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. இப்படிப்பட்டவருக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டும் என்றதும் பயந்துபோனோம்.

சும்மா வந்த பயமில்லை அது. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் தொற்றுக்காகச் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார்கள். அது வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டும் மருந்து. குடும்ப மருத்துவருக்குத் தகவல் போகவில்லை, ஐஎன்ஆர் பார்க்க நாள் குறிக்கவுமில்லை. ஐந்தாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. ஐஎன்ஆர் 7ஐத் தாண்டியிருந்தது. அங்கே யாருக்கும் அக்கறை இல்லாமல் போயிற்று என்று நான் நினைக்கவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவரிடம் போய்ச் சேரவில்லை. ஃபைலைச் சுமந்துகொண்டு நடுவில் அலைந்த எங்களுக்கோ எதைச் சொல்ல வேண்டும் என்றே தெரியாது.

இந்த முறை அந்தச் சுமையை நீங்கள் எங்கள் தலையில் வைக்கவில்லை. அம்மாவைச் சேர்ப்பதற்கு முன்பே குடும்ப டாக்டரின் கடிதம் மருத்துவமனைக்குப் போயிருந்தது. வால்வு பொருத்திய ஆண்டு, ஓராண்டு ஐஎன்ஆர் அளவுகள், மருந்துகள் எல்லாம் அதில் இருந்தன. ரத்தத்தில் கிரியேட்டினின் மெல்ல ஏறி வருகிறது, அதாவது சிறுநீரகம் தளர்ந்து வருகிறது என்பது கடைசி வரி. அந்த வரிதான் திட்டத்தையே மாற்றியது என்று மருந்தாளர் பிறகு எங்களுக்கு விளக்கினார். வார்ஃபரினை அறுவைக்கு 5 நாள் முன்பே நிறுத்தி, இடைப்பட்ட நாட்களுக்கு, ரத்தம் உறையாமல் காத்து, நிறுத்தினால் சீக்கிரமே வீரியம் குறையும் ஹெப்பரின் கொடுப்பார்களாம். அதில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி வகை சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடலிலேயே தங்கிவிடும். அதனால் அம்மாவை முன்கூட்டியே சேர்த்து டிரிப்பில் ஹெப்பரின் கொடுத்தீர்கள். அதை அறுவைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன் நிறுத்தினால் போதும்.

அறுவை முடிந்த பிறகு ஹெப்பரினை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதில் உங்களுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை. வால்வை நினைத்து இதயநோய் மருத்துவர் அவசரப்பட்டார். காயத்தை நினைத்து அறுவை மருத்துவர் பொறுக்கச் சொன்னார். கட்டிலருகே நின்று, எங்கள் முன்னாலேயே பேசினீர்கள். முதலில் எனக்குக் கலக்கமாக இருந்தது. அப்போது செவிலியர், வடிகுழாயில் எத்தனை மில்லிலிட்டர் வந்தது, நிறம் எப்படி மாறி வருகிறது என்று மணிக்கணக்கோடு சொன்னார். இரண்டு மருத்துவர்களும் அதைக் கேட்டுத்தான் நேரம் குறித்தார்கள். என் கலக்கம் அங்கேயே போய்விட்டது. ஒவ்வொரு பணி மாற்றத்திலும் போகிற செவிலியரும் வருகிற செவிலியரும் சேர்ந்து நின்று, டிரிப் ஓடும் வேகத்தை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்ததையும் மறக்க மாட்டேன்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தை அன்றே தட்டச்சு செய்து அனுப்பியவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவருக்கும் நன்றி. நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் டாக்டரே அழைத்தார்: "பேப்பர் வந்துடுச்சும்மா. வியாழக்கிழமை காலையில ஐஎன்ஆர் பார்க்கணும், அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."

நேற்று பார்த்ததில் 2.9.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
உங்கள் நோயாளியின் மகள்