வால்வு மைக்கின் இனிமை எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டை ஒலிப்பதிவு செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், வால்வு (பழைய ரேடியோக்களில் எரியும் கண்ணாடிக் குழாய்) வைத்த கண்டன்சர் மைக் இருந்தால்தான் குரலில் இனிமை கூடும் என்று எழுதப்பட்டிருந்தது. பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளாக வால்வு ரேடியோக்களையும் ஆம்ப்ளிபயர்களையும் பழுது பார்த்தவன் என்ற முறையில், அந்த இனிமையில் வால்வின் பங்கு சிறியது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கண்டன்சர் மைக்கின் கேப்சூல், அதாவது ஒலியை வாங்கும் தலைப்பகுதி, ஒரு சிறிய மின்தேக்கியே (கெப்பாசிட்டர்). துளையிட்ட உலோகத் தட்டுக்கு முன்னால் சில மைக்ரான் தடிமனுள்ள பொன்பூச்சுப் படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே 60 வோல்ட் அளவில் மின்னழுத்தம் நிற்க, குரல் பட்டு அந்தப் படலம் அதிரும்போது கொள்திறன் (மின்னூட்டத்தைத் தாங்கும் அளவு) மாறி ஒலி மின் சமிக்ஞையாகிறது. அந்தக் கொள்திறனோ 80 பிக்கோபாரட் அளவுதான். 20 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியில் அதன் மறிப்பு (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) சுமார் 10 கோடி ஓம் ஆகிவிடுவதால், அடுத்து வரும் சுற்றின் உள்ளீட்டுத் தடை அதற்குக் குறையாமல் இருந்தால்தான் குடத்தின் அடிநாதம் கரையாமல் வந்து சேரும். வால்வின் கிரிட் (சமிக்ஞை நுழையும் முனை) ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது என்பதாலேயே அந்த இடத்தில் அதை வைத்தார்கள். வேறு கருவி அன்று இல்லை.

வால்வு தன் பங்குக்கு மேல் ஸ்தாயி ஸ்வரத்தைக் கொஞ்சம் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் பாடுகிறவர் வாயருகே வைத்துக் கத்தாதவரை அது ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. காதில் விழும் குணம் பெரும்பாலும் கேப்சூலும், அதைச் சூழ்ந்த வலைக்கூடும், வெளியீட்டு டிரான்ஸ்பார்மரும் தருவதே.

1960-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் வெளியிட்ட யு67 வால்வு மைக்கைப் பாருங்கள். அதன் கேப்சூல் மேல் அலைவரிசைகளை, அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை, தூக்கியே தருகிறது. ஈஎஃப்86 வால்வைச் சுற்றிய எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி ஊட்டுவது) அதைச் சமன் செய்வதோடு சீறலையும் அடக்குகிறது. இன்று மலிவு விலையில் விற்கும் மைக்குகள் பலவற்றில் இந்தக் கேப்சூலின் நகல் மட்டும் இருக்கிறது, சமன் செய்யும் சுற்று இல்லை. என் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கிக் கொடை விழாவில் வைத்தபோது ஜால்ராவும் வில்மணியும் காதைக் கிழித்தன. வால்வு இருந்தும் இனிமை வரவில்லை. திறந்து பார்த்து, மேல் அலைவரிசையை இறக்க ஒரு சிறு கெப்பாசிட்டரைச் சேர்த்ததும் அண்ணாவியின் (தலைமைப் பாடகரின்) குரல் குரலாகக் கேட்டது. (வால்வு பளிச்சென்று எரிவதுபோல் தெரிய அதன் பின்னால் ஆரஞ்சு விளக்கு ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள்!)

கட்டுரையில் விடுபட்டது இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இவ்வளவு உயர்ந்த தடையுள்ள இடத்தில் ஈரமோ விரல் எண்ணெயோ படிந்தால் மின்கசிவு உண்டாகிப் படபடவென்று சத்தம் வரும். அதை வால்வு கெட்டுவிட்டதாக நினைத்து மாற்றிப் பணத்தை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். சிலிக்கா ஜெல் போட்ட எவர்சில்வர் டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.