கோல்ப் குழிக்குள் நுளம்புக் குடம்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டிங் கிரீன் எனப்படும், கோல்ப் பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் உருட்டிப் பழகும் சிறு தரையைச் செயற்கைப் புல்லினால் வீட்டுப் பின்வளவில் ஒரே நாளில் அமைத்துத் தருவதாகச் சொல்லும் துண்டுப் பிரசுரமொன்று சென்ற வாரம் எங்கள் வாயிற்கதவில் செருகப்பட்டிருந்தது. அவ்வாறு ஒரே நாளில் அமைக்கப்பட்ட தரையை வைத்துக்கொண்டு ஓர் ஐப்பசி மாதம் முழுவதும் அல்லற்பட்டவன் என்ற முறையில், அதை அமைக்க எண்ணுவோர் கவனிக்க வேண்டிய விடயமொன்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வெள்ளவத்தையில் 8 பேர்ச் காணியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளன். தேயிலை ஏற்றுமதி நிறுவனமொன்றில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட விளையாட்டு இது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் மைதானம் முழுவதும் நடக்க இயலாமற் போனதால், கிணற்றுக்கும் பின்மதிலுக்கும் இடையே சும்மா கிடந்த 18 அடி நீளமும் 9 அடி அகலமுமான இடத்தை இதற்கென ஒதுக்கினேன். உண்மையான புல்லை வளர்த்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெப்ப நாடுகளின் கோல்ப் மைதானங்களில் பந்து உருளும் தரைக்குப் பெரிதும் பயன்படுவது, பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லின் கலப்பு வகைகள்தாம். ஆனால், அதை மூன்று நான்கு மில்லிமீற்றர் உயரத்திற்கு அன்றாடம் வெட்டவேண்டும். பகல் முழுவதும் வெயிலும் வேண்டும். இருபுறமும் தொடர்மாடிகள் எழுந்துவிட்ட எங்கள் ஒழுங்கையில் வெயில் பதினொரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடும். ஆகவே செயற்கைப் புல்லைத் தெரிவு செய்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் அது போடப்பட்ட விதத்தில்தான். வந்தவர்கள் பழைய சீமெந்துத் தரையின் மேலேயே புல்லை ஒட்டி, மூன்று இடங்களில் தரையைக் குடைந்து, அடிமூடிய பிளாஸ்டிக் கிண்ணங்களைப் பதித்துவிட்டு, மாலைக்குள் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோல்ப் குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர், அதாவது நாலேகால் அங்குலம். ஆழம் குறைந்தது 4 அங்குலம். இந்த அளவுகளில் அவர்கள் பிழை விடவில்லை. அவ்வளவு பெரிய குழி ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரைப் பிடிக்கும் என்பதைத்தான் அவர்களும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் புல்லின் அடியில் நீர் தேங்கி, கால் வைத்த இடமெல்லாம் பிதுங்கியது. மதிலடியில் ஊறிய ஈரம் தன் சமையலறைச் சுவரில் ஏறுவதாகப் பக்கத்து வீட்டு அம்மா முறையிட்டார். அந்த வாரத்தில்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழமையான சோதனைக்கு வந்தார். பூச்சாடிகளையும் கிணற்று வலையையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஏதோ நினைவு வந்தவராய்க் குனிந்து, குழியில் நின்ற சிறு கொடிக்கம்பை உருவி எடுத்து, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தார். தெளிந்த நீரில் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. "சிரட்டையும் இதுவும் ஒன்றுதான் ஐயா" என்றார். 2017 ஆம் ஆண்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான நாட்டில், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் என்னை நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க முடியாது. எச்சரிக்கையோடு விட்டார்.

பின்னர் முழுவதையும் கிளப்பிவிட்டு, தெரிந்த மேசன் ஒருவரைக் கொண்டு மீண்டும் செய்வித்தேன். சீமெந்தை உடைத்து, அரையடிக்குச் சற்றுக் குறைவாகத் தோண்டி, மண்ணும் கல்லும் கலக்காதபடி துணி விரித்து, அதன்மேல் கருங்கற் சல்லியையும் மேற்பரப்புக்குக் கற்தூளையும் கொட்டி, நீர் தெளித்துத் தெளித்துத் திமிசு போட்டு 4 அங்குலத் தடிப்புக்கு இறுக்கினார். இதற்கு முக்கால் கியூப் சல்லி போதுமாயிருந்தது. கிணற்றுப் பக்கம் உயர்ந்தும் கான் பக்கம் தாழ்ந்தும் இருக்குமாறு 18 அடிக்கு 2 அங்குலச் சரிவு வைத்தோம்; இந்தச் சரிவு பந்தின் ஓட்டத்தைக் கெடுப்பதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. அடி திறந்த கிண்ணங்களைச் சல்லியின் மேல் நிறுத்தி, ஒவ்வொன்றின் கீழிருந்தும் ஒரு குழாயைக் கானுக்குக் கொண்டுபோனோம். 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் இந்தச் சிறு தரையில் மட்டும் ஏறத்தாழ 750 லீற்றர் நீர் விழும். கொழும்பில் அது அபூர்வமான மழையன்று.

புல்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பந்து உருள்வதற்கு இழை உயரம் 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை உள்ளது வேண்டும்; அலங்காரத்துக்கு விற்கப்படும் நீண்ட இழைப் புல்லில் பந்து இரண்டு முழம் போவதற்குள் நின்றுவிடும். இழைகளுக்கிடையே தூவுவதற்குக் கழுவி உலர்த்திய சிலிக்கா மணலே ஏற்றது. கடற்கரை பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே போய் அள்ளிவரக் கூடாது. நண்பகலில் பேரப்பிள்ளைகளை வெறுங்காலோடு அதன்மேல் விடவும் கூடாது, சுட்டுவிடும்.

துண்டுப் பிரசுரத்தில் இருந்த இலக்கத்துக்கு நேற்று அழைத்து, மழைநீர் எங்கே போகும் என்று கேட்டேன். "புல்லிலேயே ஓட்டை இருக்கு ஐயா, பிரச்சினை இல்லை" என்றார் மறுமுனையில் பேசிய இளைஞர். புல்லின் அடிப்பாகத்தில் துளைகள் இருப்பது உண்மை. அவற்றின் கீழே சீமெந்துதான் இருக்கிறது என்பதும் உண்மை. இத்தகைய தரை அமைப்போர், நீர் எவ்வழியாக எந்தக் கானுக்குப் போகிறது என்பதையும், குழிகளின் அடி திறந்திருக்கிறதா என்பதையும் விலைமதிப்பீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மாநகர சபை விதிக்கலாம். வீட்டுச் சோதனைக்கு வரும் அதிகாரிகளும் பூச்சாடி, பீலி, ரயர் ஆகியவற்றோடு இந்தக் கொடிக்கம்பின் அடியையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.