ஆய்வாளராகப் போகிறவளின் அப்பாவுக்கு

அன்பு நண்பா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குள் உன் மகள் தொலைபேசியில் அழைத்துவிட்டாள். அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பில் ஆய்வாளர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறாள், அணுமின் நிலையத்தின் இயக்கப் பிரிவிலும் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது, நீ இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய் என்றாள். "அடுத்தவன் ஓட்டும் உலையில் குறை கண்டுபிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்கிறார் அப்பா" என்று அவள் சொன்னபோது உன் குரல் அப்படியே என் காதில் விழுந்தது. முன்பொரு வாக்குவாதத்தில் மேஜையைத் தட்டினாயே, அதே குரல்!

உன் கோபம் எனக்குப் புரியாததல்ல. கட்டுப்பாட்டு அறையில் இரவு முழுவதும் கண்விழித்தவனிடம், காலையில் கோப்போடு வந்து நிற்பவர்மேல் அன்பு வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இந்த விஷயத்தில் நீ நினைப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன்; பொறுமையாகப் படி.

சோதனை வேலையில் எங்களுக்கு மேலே இருந்த 'மைக்ரோமீட்டர்' ஐயாவை நினைத்துக்கொள். பற்றவைப்பு இணைப்புகளை அல்ட்ராசோனிக் (கேளா ஒலி) கருவியால் சோதிக்கத் தொடங்குமுன், ஆழம் தெரிந்த வெட்டுகள் கொண்ட எஃகுக் கட்டையின்மேல் கருவியை வைத்துச் சரிபார்ப்போம்; வேலை முடிந்த பிறகும் அதே கட்டையின்மேல் வைத்துப் பார்ப்போம். முடிவில் திரையில் எதிரொலி இடம் மாறித் தெரிந்தால், இடையில் எடுத்த அளவுகள் அத்தனையும் செல்லாது. ஐயா ஒரு வார்த்தை பேசாமல் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டுவிடுவார். அந்த இணைப்புகளில் விரிசல் இருப்பதாக அவர் சொல்லவில்லை. விரிசல் இல்லை என்று சொல்லும் தகுதியை நாங்கள் இழந்துவிட்டோம் என்பதே அந்தக் கோட்டின் பொருள். ஆய்வு என்னும் தொழில் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. ஆபத்து இருக்கிறது என்று ஆய்வாளர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபத்து இல்லை என்பதை உலையை இயக்க உரிமம் பெற்றவர்தான் காட்ட வேண்டும். இந்தப் பொறுப்பு கை மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு, உனக்கும் ஓரளவு தெரிந்த ஒரு நிகழ்வை முழுமையாக நினைவூட்டுகிறேன்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது டேவிஸ்-பெஸ்ஸி நிலையம். நீரை அழுத்தத்தால் கொதிக்கவிடாமல் வைத்திருக்கும் அழுத்த நீர் உலை. எரிபொருள் இருக்கும் உலைக்கலனின் மூடியைத் துளைத்துக்கொண்டு அணுவினையைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களுக்கான குழாய்கள் செல்லும் என்பது உனக்குத் தெரியும். இப்படிப்பட்ட குழாய்களில் விரிசல் விழும் என்பது 1991-இல் பிரான்சின் பூஜே நிலையத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. 2001-இல் அமெரிக்காவின் ஓகோனி நிலையத்தில், குழாயைச் சுற்றி வளையமாக ஓடும் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அப்படிப்பட்ட விரிசல் முற்றினால் குழாயே மூடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியேறலாம். எனவே அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நிலையங்களுக்கெல்லாம் அறிவிக்கை அனுப்பியது. விரிசலுக்கு வாய்ப்பு மிகுந்த உலைகள் டிசம்பர் 31-க்குள் சோதிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தது. டேவிஸ்-பெஸ்ஸி நிர்வாகம் அவகாசம் கேட்டது. உலையை நிறுத்த ஆணையிடும் உத்தரவின் வரைவை ஆணையத்தின் அலுவலர்கள் தயாரித்தே வைத்திருந்தார்கள். ஆனால் அது அனுப்பப்படவில்லை. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2002 பிப்ரவரி 16 வரை உலையை ஓட்ட ஒப்புதல் கிடைத்தது.

பிப்ரவரியில் உலை நின்றது. சோதனையில் குழாய்களில் விரிசல்கள் தெரிந்தன. மார்ச் மாதம் மூன்றாம் எண் குழாயைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, அசையவே கூடாத அந்தக் குழாய் அசைந்து சாய்ந்தது. அதைச் சுற்றிப் படிந்திருந்ததை அகற்றிப் பார்த்தால், மூடியின் எஃகு அங்கே இல்லை. சுமார் 17 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகை, விரிசல் வழியே கசிந்த குளிர்விப்பு நீரில் இருந்த போரிக் அமிலம் முழுவதுமாக அரித்துத் தின்றிருந்தது. உட்புறம் பூசப்பட்டிருந்த, ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத துருப்பிடிக்காத எஃகுப் படலம் ஒன்றுதான், வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படலமும் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. அது கிழிந்திருந்தால், சாதாரணக் கொதிநிலையைவிட மிக அதிகச் சூடான குளிர்விப்பு நீர் பீறிட்டிருக்கும். எரிபொருளைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அவசரக் குளிர்விப்பு அமைப்புகளின் தலையில் விழுந்திருக்கும்.

இது ஒரே நாளில் வந்த அரிப்பு இல்லை, நண்பா. பல ஆண்டுகள் தன்னை அறிவித்துக்கொண்டே வந்த அரிப்பு. உலையைச் சூழ்ந்திருக்கும் காப்புக் கட்டடத்தின் காற்றைக் கண்காணிக்கும் கருவியில் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டிய வடிகட்டிகளை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. அவற்றை அடைத்தது இரும்புத் துரு என்று ஆய்வகமும் சொன்னது. காற்றுக் குளிர்விப்பான்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். போரிக் அமிலம் வெள்ளையாகப் படிய வேண்டும். 2000-ஆம் ஆண்டு எடுத்த படத்தில், மூடியின் விளிம்பில் துளைகள் வழியே வழிந்து உறைந்திருந்தது செந்துரு நிறத்தில் இருந்தது. இரும்பு கரைந்து வெளியே வருவதன் நிறம் அது. அந்தப் படம் கோப்பிலும் சேர்ந்தது. வடிகட்டி மாற்றியவர் தன் வேலையைச் செய்தார், கழுவியவர் தன் வேலையைச் செய்தார், படம் எடுத்தவர் தன் வேலையைச் செய்தார். மூன்றையும் ஒன்றாக வைத்து "இந்த இரும்பு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டு, பதில் கிடைக்கும்வரை விடாமல் நிற்க ஓர் ஆள் இல்லை. உன் மகள் போகவிருப்பது அந்த இடத்துக்குத்தான்.

உன் எதிர்வாதம் என்ன என்பது எனக்குத் தெரியும். குழியைக் கண்டுபிடித்தது பழுதுபார்த்தவர்கள்தானே, ஆய்வாளர் இல்லையே என்பாய். உண்மை. ஆனால் அவர்கள் அங்கே கைவைத்ததே, எல்லோரும் குழாய்களைச் சோதித்தாக வேண்டும் என்று ஆணையம் அறிவித்ததால்தான். அறிவிக்கையே வந்திராவிட்டால் அந்த மூடியோடு உலை இன்னும் எவ்வளவு காலம் ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார். ஆணையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2002 இறுதியில் வெளியிட்ட அறிக்கை தன் வீட்டையே சாடியது. அவகாசம் கொடுத்த முடிவில் நிறுவனத்தின் பொருளிழப்பைக் குறைக்கும் எண்ணம் பெரும்பங்கு வகித்தது என்றும், பாதுகாப்புக்குப் போதிய உறுதி இல்லை என்பதையே காரணமாக வைத்து உலையை நிறுத்தியிருக்கலாம், அதைவிட்டு ஆபத்துக்கு முழுமையான ஆதாரம் வேண்டும் என்ற அளவுக்கு ஆணையம் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டது என்றும் அது சொன்னது. ஐயா போடும் குறுக்குக் கோட்டை அங்கே யாரும் போடவில்லை. உலை மீண்டும் ஓடத் தொடங்கியது 2004 மார்ச்சில்தான். 2005-இல் ஆணையம் 54.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மறு ஆண்டு அமெரிக்க நீதி அமைச்சகத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் நிறுவனம் 2 கோடியே 80 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சில வார மின் உற்பத்தியைக் காப்பாற்றக் கேட்ட அவகாசம் இரண்டு ஆண்டு உற்பத்தியைத் தின்றுவிட்டது என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்லலாம். எனக்கு அந்தக் கணக்கைவிட அந்த மெல்லிய படலம்தான் கண்ணில் நிற்கிறது.

ஒழுங்குமுறை அமைப்புகள் எல்லாம் உத்தமமானவை என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானில் நடந்ததைப் படித்தபோது எனக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. டோக்கியோ மின் நிறுவனத்தின் உலைகளில் சோதனைப் பதிவுகள் திருத்தப்படுகின்றன என்று, அங்கே வேலை செய்த ஓர் ஆய்வாளர் 2000-இல் அரசுக்கு எழுதினார். கண்காணிக்க வேண்டிய அமைப்பு, முறையிட்டவர் யார் என்பதை அதே நிறுவனத்துக்கே தெரிவித்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை. செய்தி மக்களுக்குத் தெரிய 2002 ஆகஸ்டு ஆயிற்று. நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். 2003 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் 17 உலைகளும் சோதனைக்காக நின்றிருந்தன. அவ்வளவு நடந்தும், அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே பாதுகாப்பு அமைப்பும் தொடர்ந்து இருந்தது. 2011-இல் புகுஷிமா விபத்து. அதை விசாரிக்க நாடாளுமன்றம் அமைத்த குழு, இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று அடுத்த ஆண்டே எழுதிவைத்தது. கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கப்பட வேண்டியவர்களின் பிடிக்குள் போயிருந்தார்கள் என்பது அதன் முக்கியமான குற்றச்சாட்டு. தனித்தியங்கும் ஒழுங்குமுறை ஆணையம் அங்கே 2012 செப்டம்பரில்தான் பிறந்தது. அமெரிக்கா இந்தப் பிரிவினையை 1975-லேயே செய்துவிட்டது. வளர்ப்பவரும் கண்காணிப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டின் அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையே சொல்கிறது. சட்டத்தில் பிரித்தால் மட்டும் போதாது என்பதற்கு டேவிஸ்-பெஸ்ஸியே சாட்சி. நாற்காலியில் உட்காரும் ஆளும் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் உன் வீட்டுப் பெண் அங்கே போகவேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்கு முழுச் சம்மதம்: "தாளைப் பார்த்துவிட்டுப் போகிறவன் ஆய்வாளனே இல்லை." தென் கொரியாவில் 2012, 2013 ஆண்டுகளில் அம்பலமானது அதுதானே? உதிரிபாகங்களின் சான்றிதழ்களும் கட்டுப்பாட்டு கேபிள்களின் சோதனை அறிக்கைகளும் போலி என்று தெரிந்து உலைகளையே நிறுத்த வேண்டியிருந்தது. கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கேபிள்தான் சோதனையில் தேறவில்லை. அதே நாட்டில் கோரி நிலையத்தின் முதல் உலை, பராமரிப்புக்காக நின்றிருந்தபோது 2012 பிப்ரவரி 9 அன்று 12 நிமிடம் மின்சாரமே இல்லாமல் இருந்தது. அவசர டீசல் ஜெனரேட்டரும் ஓடவில்லை. அதை ஒரு மாதத்துக்கும் மேல் மூடி மறைத்தார்கள். ஆகவே உன் மகள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் நானே அவளைத் திட்டுவேன். டீசல் ஜெனரேட்டர் சோதனை ஓட்டத்தின்போது அவள் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அவளுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். நிலையத்திலேயே தங்கிப் பணிபுரியும் ஆய்வாளராக அனுப்பினால், காலையில் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்மேல் மாலையில் விதிமீறல் எழுத வேண்டியிருக்குமே என்கிறாள். நியாயமான தயக்கம். அமெரிக்காவில் இதற்காகவே ஓர் ஆய்வாளர் ஒரே நிலையத்தில் ஏழு ஆண்டுக்குமேல் இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். உன்னைப் போன்ற பேச்சுக்காரர்களுடன் பழகினால் இரண்டே ஆண்டில் மனம் இளகிவிடும் என்று அவளிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு நினைத்துப் பார்த்தேன்: அவளுக்குத் துணையாக நிற்கக்கூடிய அறிவு உன்னிடம்தான் இருக்கிறது. பணி மாற்றக் குறிப்பேட்டில் எந்த வரியை மழுப்பி எழுதுவார்கள், நெடுநாளாக எரியும் எச்சரிக்கை விளக்கு எப்படிக் கண்ணுக்குப் பழகிவிடும், "அது எப்போதும் அப்படித்தான்" என்ற பதில் எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டால் வரும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித்தர ஆளில்லை.

பணி ஆணைக்கு அவள் பதில் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசு. முதலில் அவள் சொல்வதைக் கேள், உன் கருத்தைப் பிறகு சொல். டேவிஸ்-பெஸ்ஸி அறிக்கையைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். நீயும் அவளோடு சேர்ந்து படி. என்னைத் திட்டி எழுத வேண்டுமானால் தாராளமாக எழுது, இந்த முறை பதிலைத் தாமதிக்கமாட்டேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்